வியாழக்கிழமை பதிவான ஞாயிறு வாழ்த்து

என் குரலைக் கேட்டு நானே நடுங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு இருபதுக்கு. அதுவரை மைக்கைக் கண்டு நான் பயந்ததே இல்லை. வாய் இருக்கும் பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இருபத்தாறு வருடம் நான் பிழைத்தது அந்த வாயால்தான்.

மலாக்கா டவுனில் மாநில வானொலி நிலையம் ஒன்றில் காலை ஏழிலிருந்து எட்டு வரை தமிழ் ஒலிபரப்பு. அதில் நான் அறிவிப்பாளர். பெயர் சரோஜா, கேட்பவர்களுக்கு சரோ அக்கா. நிரந்தர வேலை இல்லை, கான்ட்ராக்ட். டிசம்பரில் ஒரு கடிதம் வந்தால் அடுத்த வருடமும் வேலை, வராவிட்டால் வீடு. ஒவ்வொரு டிசம்பரும் தபால்காரர் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கே பயந்துகொண்டு வாசலுக்கு ஓடுவேன். ஆனால் இங்கே சொல்லப்போவது வேறு பயம். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது என்று எழுதுகிறேன்.

1. ஆறே காலுக்கு ஒரு போன்

எங்கள் ஒரு மணி நேரத்தில் இரண்டு பகுதிகளுக்குத்தான் வீட்டில் ரேடியோ சத்தத்தைக் கூட்டுவார்கள். ஏழு ஐந்துக்கு மரண அறிவித்தல். ஏழு இருபதுக்குப் பிறந்தநாள் வாழ்த்து. ரப்பர் தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்டு, ஜனங்கள் தாமான் என்ற புதுக் குடியிருப்பு வீடுகளுக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் சிதறிய பிறகு, யார் இருக்கிறார் யார் போனார் என்பதை அந்தப் பதினைந்து நிமிட இடைவெளிக்குள்தான் தெரிந்துகொண்டார்கள்.

வாழ்த்துக்குச் சீட்டு எழுதி அனுப்புவார்கள். பிற்பாடு வாட்சாப்பில் வந்தது. பேர், வயது, முன்பு இருந்த தோட்டம், இப்போது இருக்கும் இடம், பிறகு வாழ்த்துகிறவர்களின் நீண்ட பட்டியல். ஒரு மருமகள் பேர் விட்டுப்போனால் அந்த வீட்டில் ஒரு வாரம் அடுப்பு எரியாது. அதனால் பட்டியலை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்ப்பேன்.

வாழ்த்துப் பெறுகிறவர்களில் பாதிப்பேர் வயதானவர்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்குத்தான் பிள்ளைகள் அதிகம் வாழ்த்துக் கேட்பார்கள். ஆகவே நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். காலை ஆறே காலுக்கு ஸ்டூடியோவில் இருந்து, சீட்டில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு போன்.

"ஐயா நல்லா இருக்காருங்களா?"

"நல்லாத்தான் இருக்காரு லா. கோப்பி சூடு பத்தலன்னு காலையிலேயே சண்டை."

"அப்ப வாழ்த்திடலாம்."

இதைச் சொல்லி முடித்தால்தான் எனக்கு மூச்சு சீராகும். மூன்று தடவை வேறு பதில் வந்திருக்கிறது. அந்த மூன்று தடவையும் ஏழு இருபதுக்கு வைத்திருந்த சீட்டை எடுத்து ஏழு ஐந்துக்கு வைத்தேன்.

2. சிக்கனம்

எங்கள் பிரிவுத் தலைவர் மிஸ்டர் குணா. நல்ல மனிதர், ஆனால் மேலிடத்தில் இருந்து காகிதம் வந்தால் முகம் வெளிறிவிடும். ஒரு நாள் எங்கள் மூன்று அறிவிப்பாளர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். டெக்னீஷியன் ரஹீமும் கதவோரம் நின்றார்.

"செலவக் கொறைக்கணும்னு ஆர்டர் வந்துருச்சு" என்றார். "இனிமே லைவ் கிடையாது. வியாழக்கிழமை மத்தியானம் வந்து ஒரு வாரத்துக்கும் சேத்து ரெக்கார்ட் பண்ணணும். தலைநகர்ல கம்ப்யூட்டர் அந்தந்த நிமிஷத்துக்கு ஓட்டிடும். ஒரு ஆள் போதும்."

அந்த ஒரு ஆள் நான் என்று தெரிந்தபோது மற்ற இருவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஒருவர் அதற்குப் பிறகு இன்சூரன்ஸ் விற்கப் போனார். மற்றவர் மகளின் நாசி லெமாக் சோற்றுக் கடையில் பொட்டலம் கட்டுகிறார். ரஹீமை வேறு இலாகாவின் ஸ்டோருக்கு மாற்றினார்கள்.

"மரண அறிவித்தல்?" என்று கேட்டேன்.

"அத எடுத்துட்டாங்க. சாவ எப்படி சரோ முன்கூட்டியே ரெக்கார்ட் பண்றது?"

"வாழ்த்து?"

"அது இருக்கட்டும். அதுக்குத்தான் ஆளு கேக்குது. ஆனா ஒண்ணு, லைவ் மாதிரியே இருக்கணும். டைம் சொல்லுங்க. ரெக்கார்ட் பண்ணதுன்னு யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா இந்த ஒரு மணி நேரமும் எதுக்குன்னு மேல கேப்பாங்க."

எனக்குச் சரியாகப் படவில்லை. தலையை ஆட்டினேன். கான்ட்ராக்ட்காரி தலை வேறு எந்தப் பக்கம் ஆடும்?

முதல் சில வாரம் வேடிக்கையாகக்கூட இருந்தது. ஒரு ஞாயிறு காலை பாசாரில் கங்குங் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். கடைக்காரரின் ரேடியோவில் என் குரல் நேரம் சொன்னது. அவர் ரேடியோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அக்கா, நீங்க அங்கயும் இருக்கீங்க, இங்கயும் இருக்கீங்க. சாமியாயிட்டீங்களா?"

சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு இல்லை. என்னைக் கேட்காமல் என் வாய் தனியாகப் பேசிக்கொண்டு ஊரைச் சுற்றுகிறது என்ற நினைப்பு வந்தது. அது அன்றிலிருந்து போகவே இல்லை.

ஆறே கால் போனை நான் விடவில்லை. வியாழக்கிழமை மத்தியானமே எல்லா வீட்டுக்கும் போட்டேன். வியாழக்கிழமை எல்லாரும் நல்லாத்தான் இருந்தார்கள்.

3. ஏழு இருபது

அந்த ஞாயிறு காலை ஆறு நாற்பதுக்கு என் கைப்பேசி அடித்தது. சிங்கப்பூர் நம்பர். செல்வி என்ற பெண். மெர்லிமாவில் இருக்கும் தன் அப்பா பெருமாளுக்கு எழுபதாவது பிறந்தநாள் வாழ்த்துக் கேட்டவள். வியாழக்கிழமை நான் போன் போட்டபோது பெரியவரே எடுத்து, "ரேடியோவுல என் பேரு வருமா? சத்தமா சொல்லும்மா, என் பொஞ்சாதிக்குக் காது மந்தம்" என்று சொல்லியிருந்தார்.

"அக்கா, அப்பா நேத்து சாயங்காலம் தவறிட்டாரு" என்றாள் செல்வி. "திடீர்னு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும்... நான் ராத்திரியே வீட்டுக்கு வந்துட்டேன். வாழ்த்து வேணாங்க்கா. எப்படியாச்சும் எடுத்துடுங்க. அம்மா காதுல விழுந்துச்சுன்னா தாங்காது."

"எடுத்துடுறேம்மா" என்றேன். எடுக்க முடியுமா என்று எனக்கே தெரியாது.

நைட்டிக்கு மேல் ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு காரை எடுத்தேன். நிலையத்தில் காவலர் மட்டும் இருந்தார். பழக்கத்தில் ஸ்டூடியோவைத் திறந்துவிட்டார். மைக்குக்குத் துணி உறை போட்டு வைத்திருந்தார்கள். ரஹீம் இருந்திருந்தால் ஒரு பொத்தானை இறக்கினால் போதும். இப்போது அங்கே இருந்த எந்தப் பொத்தானுக்கும் வேலை இல்லை. அதையெல்லாம் தலைநகரிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

தலைநகர் டியூட்டி நம்பருக்கு அடித்தேன். மூன்றாவது தடவைதான் எடுத்தார்கள். குரலை வைத்துப் பார்த்தால் என் மகன் வயதுதான் இருக்கும். விஷயத்தை மலாயில் சொன்னேன்.

"தாக் போலே, காக்" என்றார். முடியாதாம். இன்றைய பட்டியலைப் பூட்டிவிட்டார்களாம். மாற்ற வேண்டுமானால் பிரிவுத் தலைவரிடம் இருந்து ஈமெயில் வரவேண்டுமாம்.

"அந்த ரெண்டு நிமிடத்தை மட்டும் மௌனமாக விடுங்கள் தம்பி. ஒருத்தர் செத்துவிட்டார்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். மௌனம் நீண்டால் அலாரம் அடிக்கும், அவர் பேர் பதிவாகும். பல நிலையங்களை ஒற்றை ஆளாகப் பார்க்கிறார். அவரும் கான்ட்ராக்ட். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவர் குரலில் இருந்த பயம் எனக்கு நன்றாகத் தெரிந்த பயம்.

மிஸ்டர் குணாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஏழு பதினேழுக்கு எடுத்தார். தூக்கக் குரல்.

"ஈமெயிலா? லேப்டாப்பு ஆபீஸ்ல இருக்கு சரோ. போன்ல பாஸ்வர்ட் ஞாபகம் இல்ல. இருங்க, பாக்கிறேன், பாக்கிறேன்."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணி ஆகிவிட்டது. ஸ்டூடியோ ஸ்பீக்கரில் நாதஸ்வர இசை வந்து அடங்கியது.

"இப்போது நேரம் காலை ஏழு மணி இருபது நிமிடம். இன்று எழுபதாவது பிறந்தநாள் காணும் மெர்லிமாவ் திரு. பெருமாள் அவர்கள் நோய் நொடியின்றி நூறாண்டு வாழ..."

எவ்வளவு குதூகலம் அந்தக் குரலில். அவர் கேட்டபடியே சத்தமாகச் சொல்லியிருந்தேன். உறை போட்ட மைக்கின் முன்னால் உட்கார்ந்து, "நிறுத்து, நிறுத்து" என்று என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் நிறுத்தவில்லை. பேரப்பிள்ளைகள் வரைக்கும் ஒவ்வொரு பேராக வாசித்து முடித்துவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

4. மெர்லிமாவ்

மன்னிப்புக் கேட்க நேரில் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

தாமான் வீட்டு வாசலில் கூடாரம் போட்டு, வரிசையாக மோட்டார்கள் நின்றன. செல்வி என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "ரேடியோவ அணைச்சு அலமாரியில வச்சுப் பூட்டிட்டேன்க்கா. அம்மாவுக்குத் தெரியாது." எனக்குப் பெரிய நிம்மதி. இப்போது நினைத்தால் அந்த நிம்மதிக்காக வெட்கமாக இருக்கிறது.

பத்தரை மணிக்கெல்லாம் ஆட்கள் வாசலையே பார்க்க ஆரம்பித்தார்கள். பெருமாளுக்கு ஒரே தம்பி, முத்தையா. கோலா சுங்கை பாருவில் மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறவர். அவர் இன்னும் வரவில்லை.

"சித்தப்பாவுக்கு நேத்து ராத்திரி நானு போன் போட்டேன், எடுக்கல" என்றாள் செல்வி. "சிங்கப்பூர் நம்பர்னா ஸ்கேம்னு எடுக்க மாட்டாரு. தோட்டத்து வாட்சாப் குரூப்புல நியூஸ் போடச் சொன்னேன். காலையில அவரு பேருக்கு நேரா புளூ டிக் விழுந்துருக்கு. பாத்துட்டாரு. வந்துக்கிட்டு இருப்பாரு."

பார்த்துவிட்டார். பார்த்த பிறகு ரேடியோவையும் கேட்டிருந்தால்?

"சித்தப்பா காலையில ரேடியோ கேப்பாராம்மா?"

"கேக்காம கடலுக்கே போக மாட்டாரு" என்றாள். அப்புறம்தான் அவளுக்கும் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

சித்தப்பாவின் நம்பருக்கு என் போனிலிருந்து அடித்தேன். லைன் கிடைக்கவில்லை. மின்சுடலையில் ஒரு மணிக்கு இடம் பிடித்திருந்தார்கள். அதற்குப் பின்னால் வேறு இரண்டு குடும்பம். நேரத்தைத் தள்ள முடியாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். முகவரியை வாங்கிக்கொண்டு நான் காரை எடுத்தேன்.

5. கோலா சுங்கை பாரு

மெர்லிமாவ் மாநிலத்தின் ஒரு கோடி, கோலா சுங்கை பாரு மறு கோடி. ஞாயிற்றுக்கிழமை டவுனைத் தாண்டுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. மஸ்ஜித் தானாவில் கல்யாணக் கார்கள் வரிசை கட்டி வழியை மறித்தன. வழி நெடுக ஒரே வேண்டுதல்தான். அவர் ரேடியோ போட்டிருக்கக் கூடாது, பேட்டரி தீர்ந்திருக்க வேண்டும், மின்சாரம் போயிருக்க வேண்டும். ஓர் அறிவிப்பாளர் தன் நிகழ்ச்சியை யாரும் கேட்டிருக்கக் கூடாது என்று சாமி கும்பிட்டது அநேகமாக அதுதான் முதல் தடவை.

பன்னிரண்டரைக்கு வீட்டைக் கண்டுபிடித்தேன். முத்தையாவின் மனைவி மீன் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தார்.

"முத்தையா ஐயா வீடு இதுங்களா?" என்றேன்.

அந்த அம்மாள் கத்தியைக் கீழே வைத்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"இந்தக் கொரல்... சரோ அக்காதானே? காலையில எங்க மச்சானுக்கு வாழ்த்துச் சொன்னீங்களே. உள்ள வாங்க, உள்ள வாங்க."

என்னால் வாசல்படியைத் தாண்ட முடியவில்லை.

"ஐயா எங்கம்மா?"

"படகுல எஞ்சின் வச்சு ஓட்டிப் பாக்கப் போயிருக்காரு. வர்ற நேரந்தான். காலையில ஒரு கூத்து கேளுங்க. வாட்சாப்புல மச்சான் செத்துட்டாருன்னு எவனோ போட்டுட்டான். போன மாசம் இப்படித்தான் உயிரோட இருக்குற ஆளுக்குப் போட்டானுங்க. இவரு பதறிப் போயி அண்ணன் போனுக்கு அடிச்சாரு, ஆஃப்ல இருக்கு. சட்டைய மாட்டிக்கிட்டு கெளம்பி வாசலுக்கே போயிட்டாரு. அப்பத்தான் ரேடியோவுல நீங்க வாழ்த்துச் சொன்னீங்க. அப்படியே கீழ உக்காந்து அழுதாரு, சந்தோசத்துல. 'ரேடியோவே சொல்லுது, அண்ணன் கோயிலுக்குப் போயிருப்பாரு'ன்னு சட்டையக் கழட்டிப் போட்டுட்டு வேலைக்குப் போனாரு."

இறந்தவரின் போன் ஆஸ்பத்திரிப் பையில் அணைந்து கிடந்ததை நான் மெர்லிமாவில் பார்த்திருந்தேன்.

தம்பியிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று வாசலிலேயே காத்திருந்தேன். முத்தையா ஒரு மணி பத்துக்கு வந்தார். கையெல்லாம் எண்ணெய் மசி. யாரோ விருந்தாளி என்று சிரித்துக்கொண்டே வந்தார். சொல்லிவிட்டேன். இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ மரண அறிவித்தல் வாசித்திருக்கிறேன். அத்தனையும் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தது. ஒருவர் முகத்துக்கு நேராகச் சொன்னது அன்றுதான்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எத்தன மணிக்கு எடுக்குறாங்க?"

"ஒரு மணிக்குங்க ஐயா. எடுத்துட்டாங்க."

"நீங்கதானே காலையில சொன்னீங்க. இப்ப மணி ஏழு இருபதுன்னு சொல்லிட்டுத்தானே சொன்னீங்க. அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"ஸ்டேஷன்லதான் ஐயா. கேட்டுக்கிட்டு இருந்தேன்."

பொய் சொல்லத் தோன்றவில்லை. அவரையும் மனைவியையும் என் காரிலேயே மெர்லிமாவுக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் நான்தான் உளறிக்கொண்டே வந்தேன். முன்பெல்லாம் ஞாயிறு ஆறே காலுக்குப் போன் போட்டு விசாரிப்பேன், இப்போது வியாழக்கிழமையே பதிவு, மேலிடத்து உத்தரவு என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எண்ணெய்க் கையைக் கழுவாமல் மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். அண்ணன் வீட்டில் அவருக்குக் கும்பிட ஒரு படம்தான் மிச்சம் இருந்தது.

6. அடுத்த வியாழன்

திங்கட்கிழமை ரிப்போர்ட் எழுதிக் கொண்டுபோனேன். மிஸ்டர் குணா வாசித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தார்.

"இத மேல அனுப்பினா என்னா நடக்கும் தெரியுமா? பிரச்சினைன்னா வேணாம்னு இந்த ஒரு மணி நேரத்தையே மூடிடுவாங்க. அப்புறம் தமிழே இருக்காது. யோசிங்க சரோ."

அவர் சொன்னதும் பொய்யில்லை. அதுதான் இன்னும் மோசம். பேசினால் நிகழ்ச்சி போகும், பேசாவிட்டால் இன்னொரு முத்தையா. ரிப்போர்ட்டை நான் அனுப்பவில்லை. அந்த அளவுக்குத் தைரியம் எனக்கு இல்லை.

ஆனால் வியாழக்கிழமை பதிவறையில் தனியாக உட்கார்ந்தபோது, "இப்போது நேரம்" என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை. மூன்று முறை முயன்றேன். நாலாவது முறை இப்படிச் சொன்னேன்: "அன்பர்களே, இது வியாழக்கிழமை மதியம் நான் பேசியது. அன்றைக்கு விசாரித்தபோது ஐயா நலமாக இருந்தார். இதைக் கேட்கும் சொந்தக்காரர்கள் இன்றைக்கு அவரை ஒரு போன் போட்டு விசாரித்துக்கொள்ளுங்கள்." சேவ் பொத்தானை அழுத்தினேன்.

ஞாயிறு அது ஒலித்து முடிந்த கையோடு மிஸ்டர் குணா கூப்பிட்டார். "யாரக் கேட்டு அப்படிச் சொன்னீங்க?" என்றார். அப்புறம், "நான் கேக்கலன்னு வச்சுக்கிறேன்" என்று போனை வைத்தார். டிசம்பர் வரை ஒவ்வொரு வாழ்த்துக்கும் அதையே சொன்னேன். டிசம்பரில் கடிதம் வரவில்லை.

இப்போது அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு சின்னப் பெண் பேசுகிறாள். நல்ல குரல், தெளிவான உச்சரிப்பு. போன ஞாயிறும், "இப்போது நேரம் ஏழு மணி இருபது நிமிடம்" என்றாள். அம்மா, உன்னைக் குறை சொல்லவில்லை. உன் பயம் எனக்குத் தெரியும். செலவைக் குறைக்கட்டும், ஆளைக் குறைக்கட்டும், நம்மால் தடுக்க முடியாது. ஆனால் எப்போது பேசினாய் என்பதை மட்டும் மறைக்காதே. நீ இல்லாத நேரத்தில் உன் குரலை நம்பி ஒருத்தர் மாட்டிய சட்டையைக் கழற்றுவார்.

முத்தையா என்னை மன்னித்தாரா என்று இன்றுவரை தெரியாது. நானும் கேட்கவில்லை. ஆனால் நான் அப்படிச் சொன்ன முதல் ஞாயிறு முடிந்து, அதற்கு அடுத்த ஞாயிறு காலை ஆறே காலுக்கு என் போன் அடித்தது.

"சரோம்மா, முத்தையா பேசுறேன். இன்னும் கொஞ்ச நேரத்துல ரேடியோவுல உங்க சத்தம் வரும். நீங்க நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன் ஐயா."

"அப்ப சரி" என்று வைத்துவிட்டார். என் சத்தம் ரேடியோவில் நின்று பல மாதம் ஆகிறது. ஞாயிறு ஆறே காலுக்கு அவர் போன் இன்னும் வருகிறது.